குட்டியைத் தின்னும் கயோட்டி: சுட்டால் தீருமா?

கேள்வி: டெக்சாஸில், ஆஸ்டினுக்கு மேற்கே ஹில் கண்ட்ரி பகுதியில் 22 ஏக்கர் வாங்கி, 35 வெள்ளாடுகள் வளர்க்கிறோம். எல்லாம் போயர் எனும் இறைச்சி ஆட்டினத்தின் கலப்பு. போன ஈற்றில் ஏழு குட்டிகள் போய்விட்டன. மூன்றின் உடல் கிடைத்தது. நான்கு சுவடே இல்லாமல் மறைந்தன. கயோட்டி எனும் ஓநாய் போன்ற காட்டு விலங்கு பெருகிவிட்டது, எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டும் என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். ஜனவரியில் ஒரு வேட்டைக் குழு இலவசமாக வந்து, இரண்டே இரவில் பத்துப் பதினைந்தைச் சுட்டுத் தருவதாகச் சொல்கிறது. சுட்டால் இன்னும் அதிகமாகத்தான் பெருகும் என்று என் மகள் வாதாடுகிறாள். யார் சொல்வது சரி? எங்கள் ஆடுகள் பிப்ரவரி கடைசியில் ஈனத் தொடங்கும். நான்கு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஜனவரி வேட்டைக்குச் சம்மதிக்காதீர்கள். கயோட்டியிடம் இரக்கம் காட்டச் சொல்லவில்லை. அந்த வேட்டையால் உங்கள் குட்டிகளுக்கு அனேகமாகப் பயனில்லை, பின்னால் தேவைப்படும்போது சரியான விலங்கைப் பிடிப்பதும் அதனால் கடினமாகும். பக்கத்துக்காரர் சொல்வதில் பாதி சரி. உங்கள் மகள் சொல்வதிலும் பாதிதான் சரி.

அதற்கு முன் ஒரு கேள்வி. அந்த ஏழையும் கொன்றது கயோட்டிதான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? உடல் கிடைத்த மூன்றையும் தோலுரித்துப் பார்த்திருந்தால் பாதிச் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும். அடுத்த முறை கையுறை போட்டுக்கொண்டு கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால் தோலுக்கடியில் கன்றிப்போய் இரத்தம் கட்டியிருக்கும். செத்த பிறகு தின்னப்பட்டிருந்தால் அந்த இரத்தக்கட்டு இருக்காது. கயோட்டி பெரும்பாலும் தாடைக்குச் சற்றுக் கீழே குரல்வளையைக் கவ்வும். அதன் மேல் கோரைப்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒன்றேகால் அங்குல அளவு இடைவெளி இருக்கும். பாப்கேட் எனும் காட்டுப்பூனை கடித்தால் அந்த இடைவெளி ஒரு அங்குலத்துக்குள் அடங்கும், நகக்கீறலும் தெரியும். பின்தொடை, விலா, காது என்று கண்ட இடத்தில் குதறி, ஒரே இரவில் பல ஆடுகளைக் கடித்துத் தின்னாமல் போட்டிருந்தால் அது ஊர் நாய். பண்ணைக்காரர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குவது இதைத்தான், ஏனென்றால் அந்த நாய் யாரோ தெரிந்தவருடையதாக இருக்கும்.

கண், நாக்கு, தொப்புள், ஆசனவாய் மட்டும் போயிருந்தால் மேலே பாருங்கள்: பிணந்தின்னிக் கருங்கழுகு. ஈன்றுகொண்டிருக்கும் ஆட்டின் பக்கத்திலேயே கூட்டமாக உட்கார்ந்து காத்திருக்கும். அதைச் சுட உங்களுக்கு உரிமை கிடையாது. வலசைப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். பிறந்த குட்டி செத்தே பிறந்ததா என்றும் பார்த்துவிடலாம். நுரையீரலில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் மூச்சு விட்ட குட்டி, மூழ்கினால் மூச்சே விடாதது. குளம்பின் அடியில் இருக்கும் மென்மையான சவ்வு தேயாமல் இருந்தால் அது எழுந்து நடக்கவே இல்லை.

மறைந்துபோன நான்கைப் பற்றி: வெள்ளாடு குட்டியைப் புதரில் ஒளித்துவிட்டு மேயப் போகும் இனம். செம்மறிக்குட்டி தாயின் காலடியிலேயே திரியும். வெள்ளாட்டுக்குட்டி முதல் சில நாள் போட்ட இடத்தில் அசையாமல் கிடக்கும். திறந்த மேய்ச்சல் நிலத்தில் ஈன விட்டால் கயோட்டி, பாப்கேட், நரி எதற்கும் அது எளிதான இரை. பசியிலோ குளிரிலோ செத்த குட்டியையும் இவை தூக்கிப் போகும். நான்கும் வேட்டையாடப்பட்டவை என்று சொல்லிவிட முடியாது.

இப்போது எண்ணிக்கை விவகாரம். கயோட்டிகள் சோடியாக எல்லை வகுத்து வாழ்பவை. ஒரு சோடியின் எல்லை இடத்துக்கு இடம் சில சதுர கிலோமீட்டரிலிருந்து பல பத்து வரை மாறும். 10 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட அது ஏறக்குறைய 2,470 ஏக்கர். உங்கள் 22 ஏக்கர் அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. உங்கள் நிலத்தில் பதினைந்து கயோட்டிகள் குடியிருக்க வழியே இல்லை. வேட்டைக்குழு பதினைந்தைச் சுட்டால், அவை சுற்று வட்டாரத்திலிருந்து ஒலிபெருக்கியில் அடிபட்ட முயல் சத்தம் போட்டு வரவழைக்கப்பட்டவை. வருவதில் பெரும்பகுதி முந்தைய வசந்தத்தில் பிறந்து, இலையுதிர் காலத்தில் குடும்பத்தை விட்டுப் பிரிந்து, இடம் தேடி அலையும் இளசுகள். எல்லை பிடித்து வாழும் மூத்த சோடி எளிதில் அருகில் வராது. ஆட்டைக் கொல்வதில் முன்நிற்பது அந்த மூத்த சோடிதான்.

இது ஊகம் அல்ல. கலிஃபோர்னியாவின் மெண்டசினோ மாவட்டத்தில் ஹாப்லேண்ட் ஆய்வுப் பண்ணையில் ஆண்டுக்கணக்காக இதைப் பார்த்தார்கள். கொன்ற கயோட்டிகளின் எண்ணிக்கைக்கும் இறந்த செம்மறிக்குட்டிகளின் எண்ணிக்கைக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. பின்னர் வானொலிக் கழுத்துப்பட்டை கட்டிப் பின்தொடர்ந்தபோது, கொலைகளில் பெரும்பாலானவை பட்டி அமைந்த எல்லைக்குரிய இனப்பெருக்கச் சோடிகளின் வேலை என்று தெரிந்தது. அந்தச் சோடியை நீக்கியபோது இழப்பு நின்றது அல்லது நன்றாகக் குறைந்தது, அதுவும் சராசரியாக ஒன்றரை மாதம் அளவுக்குத்தான். அதற்குள் வேறொரு சோடி அங்கே வந்துவிட்டது. கண்டபடி மற்ற கயோட்டிகளை நீக்கியபோது எந்தப் பலனும் இல்லை.

உங்கள் மகள் சொல்வது டெக்சாஸிலேயே பிறந்த கருத்து. தெற்கு டெக்சாஸில் ஃபிரெட் நோல்ட்டன் 1972இல் வெளியிட்ட ஆய்வில், கயோட்டி அடர்த்தியாக இருந்த இடங்களில் ஒரு ஈற்றுக்கு நான்கு சொச்சம் குட்டிகளும், கடுமையாகக் கொல்லப்பட்டு அடர்த்தி குறைந்த இடங்களில் ஏறத்தாழ ஏழும் இருந்தன. ஆள் குறைந்தால் மிச்சமிருப்பவற்றுக்கு முயலும் எலியும் கூடுதலாகக் கிடைக்கும், அதனால் ஒரு ஈற்றின் குட்டிகள் கூடும். ஆனால் ‘சுட்டால் முன்பைவிட அதிகமாகிவிடும்’ என்று அதிலிருந்து தாவக் கூடாது. தெற்கு கரோலினாவின் சவானா ஆற்று வளாகத்தில் மூன்றாண்டுகளில் 474 கயோட்டிகளை நீக்கினார்கள். அங்கே ஈற்றின் அளவு அப்படி ஏறவில்லை. வெளியிலிருந்து குடிபுகுந்தவையே இடத்தை நிரப்பின. கொலராடோவின் தென்கிழக்கில் எரிக் கீசி நடத்திய ஆய்வில் ஆண்டுதோறும் பாதி அளவுக்கும் அதற்கு மேலும் நீக்கியும், எட்டு மாதத்தில் அடர்த்தி பழைய நிலைக்கே திரும்பியது. சுடுவதால் கூடிவிடுவதில்லை. குறைந்தது நிலைப்பதில்லை, அவ்வளவுதான். மகளிடம் இதைச் சொல்லுங்கள். பாதி வெற்றி அவளுக்கு.

நிரந்தரமாகக் குறைக்க என்ன விலை கொடுக்க வேண்டும்? கோனலி, லாங்ஹர்ஸ்ட் இருவரும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1975இல் கணினி மாதிரியில் கணக்குப் போட்டார்கள். ஒரு பரப்பில் ஆண்டுதோறும் 75 விழுக்காட்டைக் கொன்றுகொண்டே இருந்தால், அற்றுப்போக ஐம்பது ஆண்டுக்குமேல் ஆகும். 70 விழுக்காடு வரை தாங்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் வைல்ட்லைஃப் சர்வீசஸ் பிரிவு மட்டும் ஆண்டுக்கு அறுபதாயிரம் அளவில் கொல்கிறது. கயோட்டியோ மேற்குப் புல்வெளிகளிலிருந்து கிளம்பி, ஓநாய் ஒழிந்த இடமெல்லாம் பரவி, இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது.

ஆனாலும் மனிதனால் முடியவே முடியாது என்பதும் தவறு. அதற்கான சாட்சி நீங்கள் நிற்கும் மண்ணே. எட்வர்ட்ஸ் பீடபூமி இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ கயோட்டி இல்லாத பகுதியாக இருந்தது. அங்கோரா ஆடும் செம்மறியும் லட்சக்கணக்கில் மேய்ந்த அந்த நாளில், பண்ணைக்குப் பண்ணை வலைக்கம்பி வேலி, மாவட்டத்துக்கு மாவட்டம் சம்பளத்துக்குப் பொறி வைப்பவர், நஞ்சு, ஆண்டு முழுவதும் ஓயாத வேலை, எல்லாப் பண்ணைகளும் சேர்ந்து நின்றது. இவ்வளவும் சேர்ந்துதான் அதைச் செய்தன. நிக்சன் அரசு 1972இல் அந்த நஞ்சுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அங்கோரா ஆட்டின் மொஹேர் ரோமத்துக்கு மானியம் தந்த கம்பளிச் சட்டத்தை 1993இல் நாடாளுமன்றம் முடித்துவைத்து, இரண்டாண்டில் மானியம் நின்றது. ஆடு போனது, பண்ணைகள் துண்டு துண்டாக விற்பனைக்கு வந்தன, வேலி பழுதானது, கயோட்டி திரும்பியது. அப்படித் துண்டானதில் ஒன்றுதான் உங்கள் 22 ஏக்கராகவும் இருக்கலாம். விவசாய நில வரிச்சலுகைக்காக ஆளுக்கு முப்பது ஆடு வைத்திருக்கும் இன்றைய பகுதியில், அந்தப் பழைய கூட்டு முயற்சியைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. பக்கத்துக்காரரின் தாத்தா காலத்து நினைவு பொய்யல்ல. அன்றைய நிலைமைதான் இன்று இல்லை.

வேட்டைக்குச் சாதகமான ஒரு சான்றையும் மறைக்கக் கூடாது. யூட்டா, ஐடஹோ மலை மேய்ச்சல் நிலங்களில் குளிர்காலத்தில் விமானத்திலிருந்து சுட்டபோது, அடுத்த கோடையில் அங்கே இறந்த செம்மறிக்குட்டிகள் பாதிக்கும் குறைவாக இருந்தன என்று 1999இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே சுடப்பட்டது பெரும் பரப்பு. பனியில் தடம் பார்த்து, தங்கியிருந்த சோடிகளையும் சேர்த்து எடுத்தார்கள். 22 ஏக்கரில் ஒலிபெருக்கி வைத்து இரண்டு இரவு சுடுவதற்கு அந்தச் சான்று பொருந்தாது.

உங்கள் நிலத்தில் இன்னொரு சிக்கல் கணக்கிலேயே தெரியும். 22 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 980 அடிதான். .223 தோட்டா மைல் கணக்கில் போகும். டெக்சாஸில் வேட்டையில் தோட்டா அடுத்தவர் நில எல்லையைத் தாண்டினாலே குற்றம். வெப்பக் கேமராவில் அனடோலியன் காவல் நாயும் கயோட்டியும் தூரத்தில் ஒன்று போலத்தான் தெரியும். தவிர, தப்பித்தவை அந்தச் சத்தத்துக்கு மறுபடி வராது. ஏப்ரலில் உண்மையிலேயே ஒரு கொலைகாரச் சோடியைப் பிடிக்க வேண்டி வந்தால், ஜனவரியில் பாடம் படித்த சோடியை எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

இனி நான்கு மாதத்தில் செய்ய வேண்டியது. எல்லாவற்றிலும் முதன்மை இரவுப் பட்டி. பண்ணைப் பொருள் கடையில் விற்கும் 4க்கு 4 அங்குலக் கண்ணுள்ள, 16 அடி நீளம் 48 அங்குல உயரக் கம்பிவலைத் தகடுகள் பத்து வாங்கினால் 40க்கு 40 அடிப் பட்டி ஆகும். 35 தாய் ஆடும் குட்டியும் இரவு படுக்க அது போதும். எட்டடிக்கு ஒரு இரும்புத் தூண், மொத்தம் இருபது. கதவுக்கு ஒரு தகட்டையே கீல் வைத்துப் பயன்படுத்தலாம். 48 அங்குலத்தைக் கயோட்டி ஏறித் தாண்டும். அதனால் தகட்டுக்கு மேல் ஒரு மின்கம்பியும், வெளிப்பக்கம் தரையிலிருந்து எட்டு அங்குல உயரத்தில், தகட்டிலிருந்து எட்டு அங்குலம் தள்ளி இன்னொன்றும் கட்டுங்கள். தோண்ட முயல்வது மூக்கால் முதலில் அந்தக் கீழ்க்கம்பியைத்தான் தொடும். அந்திக்கு முன் அடைத்து, பொழுது விடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள். தாக்குதல் பெரும்பாலும் நடப்பது விடியலை ஒட்டித்தான். ஆறு மணிக்கே திறந்துவிட்டு வேலைக்குக் கிளம்புவோர் குட்டியை இழப்பது இதனால்.

ஈனும் ஆடுகளைத் திறந்த வெளியில் விடவே கூடாது. 5க்கு 5 அடித் தடுப்புகள் நான்கைந்து பட்டிக்குள்ளேயே வைத்து, ஈன்ற தாயையும் குட்டியையும் ஓரிரு நாள் அதில் வையுங்கள். பிறகும் இரண்டு மூன்று வாரம் குட்டிகளைப் பட்டியை ஒட்டிய சிறு அடைப்பிலேயே மேய விடுங்கள். ஈனும் காலத்தைச் சுருக்குவதும் உதவும். கிடாவை 45 நாள் மட்டும் சேர்த்துப் பிரித்துவிட்டால், அடுத்த முறை எல்லா ஆடும் ஒன்றரை மாதத்துக்குள் ஈன்று முடிக்கும். நஞ்சுக்கொடி, செத்த குட்டி எதையும் புதர் ஓரம் வீசாதீர்கள். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஆழமாகப் புதைக்க முடியாவிட்டால், மரத்தூள் குவியலுக்குள் ஒவ்வொரு பக்கமும் இரண்டடி மூடும்படி வைத்து மக்க விடுங்கள். கயோட்டிக்கு ஆட்டு இறைச்சியைப் பழக்குவது பெரும்பாலும் இந்த இலவசத் தீனிதான்.

எல்லை வேலியில் பணத்தை ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். உங்கள் பகுதிப் பழைய வலைக்கம்பியில் செங்குத்துக் கம்பிகள் ஒரு அடி இடைவெளியில் இருக்கும். கொம்பு மாட்டிக்கொள்ளாது என்பதால் ஆட்டுக்காரர்கள் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் அந்தக் கண்ணுக்குள் கயோட்டி நுழைந்துவிடும். ஆறு அங்குலக் கண்ணில் போயர் ஆடு தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும், அப்படி மாட்டிய ஆடே கயோட்டிக்கும் நாய்க்கும் இரையாகும். நான்கு அங்குலக் கண் இரண்டுக்கும் பொருந்தும், விலைதான் கூடுதல். முதலில் வேலியடியைச் சுற்றி நடந்து, கயோட்டி நுழையும் பள்ளங்களைக் கண்டுபிடியுங்கள். கீழ்க்கம்பியில் ரோமம் ஒட்டியிருக்கும். பாறையில் தோண்ட முடியாத இடத்தில், இரண்டடி அகல வலையை வேலியிலிருந்து வெளிப்பக்கமாகத் தரையில் விரித்துக் கல்லால் அழுத்திவிடுங்கள்.

மின்வேலி ஹில் கண்ட்ரியில் தோற்பது பெரும்பாலும் எர்த் எனும் நிலத்தொடர்பில். மெல்லிய மண், கீழே சுண்ணாம்புக்கல், வறட்சி. ஆறடி எர்த் கம்பியை நாலடிக்கு மேல் அடிக்க முடியாது, மின்சாரம் திரும்பும் வழியே இல்லாமல் போகும். வோல்ட்மீட்டரில் 5,000 காட்டினாலும் காய்ந்த தரையில் நிற்கும் கயோட்டிக்குக் கூச்சம்கூட எடுக்காது. தண்ணீர்த்தொட்டி வழிந்து ஈரமாக இருக்கும் இடத்தில், பத்தடிக்கு ஒன்றாக மூன்று எர்த் கம்பிகளை அடியுங்கள். வேலியிலும் ஒரு கம்பி மின்சாரம், அடுத்த கம்பி நிலத்தொடர்பு என்று மாற்றி மாற்றிக் கட்டினால், இரண்டையும் ஒன்றாகத் தொடும் விலங்குக்கு மண் எப்படி இருந்தாலும் அடி விழும்.

காவல் நாய் வாங்க நினைத்தால், பிப்ரவரிக்குள் குட்டி நாய் எந்த உதவிக்கும் வராது. கிரேட் பிரனீஸ், அனடோலியன், அக்பாஷ் எதுவானாலும், எட்டு வாரத்திலிருந்து ஆடுகளோடு வளர்ந்து, ஒன்றரை இரண்டு வயதில்தான் பொறுப்பாகும். அதற்கு முன் விளையாட்டாகக் குட்டிகளைத் துரத்தும், காதைக் கடித்து மெல்லும். கழுத்துப்பட்டையில் ஒரு கட்டையைத் தொங்கவிட்டால் ஓட்டம் குறையும். ஏற்கெனவே வெள்ளாட்டோடு வேலை செய்து பழகிய, விதை நீக்கிய வளர்ந்த நாயைப் பார்த்து வாங்குங்கள். சான் ஏஞ்சலோவில் உள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அக்ரிலைஃப் வேளாண் நிலையம் காவல் நாய்களுக்கென்றே திட்டம் நடத்துகிறது. இனம், பழக்குதல் பற்றிக் கேட்கலாம். 22 ஏக்கர் பிரனீஸுக்குச் சின்ன இடம், வேலி தாண்டி ஊர் சுற்றும். அனடோலியன் இருப்பில் இருக்கும், ஆனால் அந்நியரிடம் கடுமை காட்டும். நாய்த் தீனியை ஆடு நுழைய முடியாத சிறு அடைப்பில் வையுங்கள், இல்லையேல் ஆடுகளே தின்றுவிடும். கொசு மிகுந்த டெக்சாஸில் இதயப்புழு மாத்திரையை மாதம் தவறாமல் கொடுக்க வேண்டும்.

கழுதை வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒரே ஒரு பெண் கழுதை அல்லது விதை நீக்கிய ஆண் சரி. விதையுள்ள ஆண் குட்டிகளையே மிதித்துக் கொல்லும். மருந்து கலந்த ஆட்டுத் தீவனத்தில் மோனென்சின் இருக்கக்கூடும். ஆட்டுக்கு இரத்தக்கழிச்சலைத் தடுக்கும் அந்த மருந்து கழுதைக்கும் குதிரைக்கும் உயிர்க்கொல்லி. மூட்டையின் சீட்டைப் படிக்காமல் கழுதையை ஆட்டோடு சேர்க்காதீர்கள். மின்னும் விளக்கு, பட்டையடித்த கொடி போன்றவை இரண்டு மூன்று வாரம் பயமுறுத்தும். ஈனும் வாரத்துக்கென்று எடுத்து வையுங்கள், ஆண்டு முழுக்க மாட்டாதீர்கள்.

இவ்வளவு செய்தும் மார்ச் முதல் ஜூன் வரை குட்டி போனால், அப்போது கொல்வதில் தயங்க வேண்டாம். கயோட்டிகள் சனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்து, 63 நாளில் ஈன்று, ஏப்ரல் மே மாதங்களில் குட்டிகளுக்கு இரை தேடி அலைகின்றன. வயோமிங்கில் டில், நோல்ட்டன் இருவரும் குகையிலிருந்த குட்டிகளை மட்டும் நீக்கியபோதே செம்மறிக் கொலை பெருமளவு நின்றது. யூட்டாவில் சோடிகளுக்குக் கருத்தடை செய்தபோதும் அப்படியே: ஊட்ட வாய் இல்லாவிட்டால் அவை முயலோடு நின்றுவிடுகின்றன. அக்ரிலைஃபும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து நடத்தும் வைல்ட்லைஃப் சர்வீசஸ் உங்கள் மாவட்டத்தில் பொறி வைப்பவரை வைத்திருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். கொல்லப்பட்ட குட்டியின் உடலை அசைக்காமல், தார்ப்பாயால் மூடி, அவர் வரும்வரை அப்படியே வையுங்கள். வேலிப் பள்ளத்தில் சுருக்குக் கம்பி வைப்பதே இங்கே பொதுவான வழி; ஆனால் காவல் நாய் இருக்கும் பண்ணையில் அதை வைக்கச் சொல்லாதீர்கள், முதலில் மாட்டுவது உங்கள் நாய்தான்.

கயோட்டி மான்குட்டிகளையும் தின்கிறது என்று பக்கத்துக்காரர் மானைக் காட்டியும் பேசுவார். தெற்கு கரோலினாவில் அத்தனை கயோட்டிகளை நீக்கியும் மான்குட்டிகள் பிழைத்தது ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கியதே தவிர நிலைக்கவில்லை. உங்கள் பகுதியிலோ மான் குறைவு என்று யாரும் அழுவதில்லை, அதிகம் என்றுதான். மேற்கு டெக்சாஸில் ஹென்கேவும் பிரையன்ட்டும் கயோட்டிகளைப் பாதியாக்கியபோது ஜாக்ராபிட் முயல் பெருகியது. சாம்பல் நரியும் பாப்கேட்டும் கூடின. ஒரு வாரக் குட்டியைத் தூக்க இந்த இரண்டுமே போதும்.

வெறிநோய் பயம் இருந்தால் ஒரு தகவல்: 1988இல் தெற்கு டெக்சாஸில் கயோட்டிகளிடையே பரவிய நாய் வெறிநோயைத் துப்பாக்கி நிறுத்தவில்லை. 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்பூசி இரை தூவித்தான் அதை ஒழித்தார்கள்.

வேட்டைக் குழுவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: “இப்போது வேண்டாம், ஏப்ரலில் ஆள் தேவைப்பட்டால் நானே கூப்பிடுகிறேன்.” தகடுகளை நவம்பருக்குள் வாங்கிவிடுங்கள், பாறையில் இருபது தூண் அடிக்க நீங்கள் நினைப்பதைவிட இரண்டு வார இறுதி கூடுதலாக ஆகும்.